லிஃப்ட் வாங்கறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில மாமா போன் பண்ணினார். "மாப்ள, கார் லிஃப்ட் ஒண்ணு பழைய விலைக்கு வருது. நீதான மெக்கானிக்கல் படிக்கற, வந்து பாத்து சொல்லு." நாலு வருஷமா எல்லாரும் என்கிட்ட "ப்ளேஸ்மெண்ட் ஆச்சா"ன்னுதான் கேட்டிருக்காங்க. இன்ஜினியர்னு நம்பி ஒரு கேள்வி கேட்டது மாமா மட்டும்தான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலைங்கறதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மாமாவோட ஷெட் தனி இடம் இல்ல. சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து ஒரகடம் போற ரோட்டுல இருந்து உள்ளே திரும்பி, வீட்டுக்கு முன்னாடி இருக்கிற வாசல், அதுக்கு மேல தகர ஷீட். ஒரு பக்கம் அத்தையோட துணி காயும், இன்னொரு பக்கம் கியர்பாக்ஸ் காயும். நம்ம ஏரியாவில இந்த மாதிரி வீட்டு ஷெட் எத்தனையோ இருக்கு. கம்பெனிக்கு ஆள் ஏத்துற வேன், ஷிஃப்ட் டாக்ஸி, டாடா ஏஸ் இதெல்லாம் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போறது இல்ல. வாரண்டி முடிஞ்சதும் இங்கதான் வரும். நாட்டுக்கே கார் செஞ்சு அனுப்புற ஊர் நாம. அந்தக் காருக்கு அடியில படுத்து வேலை பாக்கறவங்க என்ன வச்சு தூக்கறாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல.

மாமா ஏன் லிஃப்ட் கேக்கறார்னு சொல்லிடறேன். போன ஐப்பசி மழையில ஒரு டாக்ஸி பிரேக் வேலைக்கு வந்தது. முன்பக்கம் பாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, பக்கத்துல ஒரு ஹாலோ பிளாக் வச்சிருந்தாங்க. தரை ஈரம். ஹெல்ப்பர் தம்பிக்கு 19 வயசு, ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தான். அந்த நேரம் பாத்து ஜாக்கி சறுக்கிடுச்சு. ஹாலோ பிளாக் அப்பளம் மாதிரி நொறுங்கிடுச்சு. கழட்டின டயரை மாமா பழக்கத்துல வண்டிக்கு அடியில தள்ளி வச்சிருந்தார், வண்டி அது மேல உக்காந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மாமா அன்னிக்கு ஷெட்டை மூடிட்டு, ராத்திரி வரைக்கும் யார்கிட்டயும் பேசலன்னு அத்தை சொன்னாங்க.

ஹாலோ பிளாக் ஏன் நொறுங்குதுன்னு நமக்கு இரண்டாவது வருஷமே சொல்லிக் கொடுத்துட்டாங்க. அது சுவர் கட்டறதுக்கு. பாரம் எல்லா பக்கமும் பரவி வந்தா தாங்கும். சேஸிஸோட ஒரு முனை மட்டும் நடுவுல குத்தினா, எந்த எச்சரிக்கையும் இல்லாம உடையும். இரும்பு வளைஞ்சு காட்டிக் கொடுக்கும், இது காட்டிக் கொடுக்காது. பரீட்சையில இதை "பிரிட்டில் ஃபெயிலியர்"னு எழுதி நான் முழு மார்க் வாங்கியிருக்கேன். அந்த ஷெட்டுக்குப் போறப்பல்லாம் அதே பிளாக் மேலதான் உக்காந்து டீ குடிச்சிருக்கேன்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். விலைக்கு வந்தது ரெண்டு தூண் லிஃப்ட், டூ போஸ்ட்னு சொல்றது. மூடிப்போன ஒரு வொர்க்‌ஷாப்ல இருந்து வந்ததை ஒரு பழைய சாமான் கடைக்காரர் நட்டு வச்சிருந்தார். 4 டன் தூக்கும்னார். பட்டனை அழுத்தி ஒரு வண்டியைத் தூக்கியும் காட்டினார். அழகா ஏறிச்சு. ஒரு சத்தமும் இல்ல. மாமாவுக்கு அந்த அமைதி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எனக்கு அதுதான் இடிச்சுது. முந்தின நாள் ராத்திரி பூரா வீடியோ பாத்திருந்தேன், அதுல எல்லாம் லிஃப்ட் ஏறும்போது டக், டக், டக்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே?

தூணுக்குப் பின்னாடி போய் பாத்தா, லாக் நாக்கை கட்டுக்கம்பியால இழுத்துக் கட்டி வச்சிருக்காங்க. இறக்கும்போது ஒவ்வொரு தடவையும் லாக்கை விடுவிக்கணும், அந்த வேலையை மிச்சம் பண்றதுக்கு. "அது சும்மா சார், ஆயிலே தாங்கும்"னார் கடைக்காரர்.

ஆயில் தாங்காது. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுதான். ஹைட்ராலிக் ஆயில் தூக்கறதுக்கு மட்டும்தான். சிலிண்டர்ல இருக்கிற சீல் தேய்ஞ்சா மெதுவா இறங்கும், ஹோஸ் வெடிச்சா வேகமா இறங்கும். வண்டியைத் தாங்க வேண்டியது தூணுக்குள்ள பல் பல்லா இருக்கிற இரும்பும், அதுல போய் விழற நாக்கும்தான். வேணும்கிற உயரத்தைத் தாண்டி கொஞ்சம் தூக்கி, திரும்ப இறக்கி, ரெண்டு பக்கமும் லாக் மேல வண்டி உக்காந்த பிறகுதான் ஆள் அடியில போகணும். ஜாக்கிக்கும் இதே கதைதான். ஜாக்கி தூக்கும், ஸ்டாண்ட் தாங்கும்.

(இந்த ஹைட்ராலிக் கார் லிஃப்டை 1925ல அமெரிக்காவில மெம்பிஸ் நகரத்துல பீட்டர் லுனாட்டின்னு ஒரு மெக்கானிக் பண்ணினார். முடிவெட்டற கடையில நாற்காலி ஏறி இறங்கறதைப் பாத்து வந்த யோசனையாம். அடுத்த தடவை சலூன்ல போனை நோண்டாம நாற்காலியையும் கொஞ்சம் பாருங்க.)

அந்த லிஃப்ட் வேணாம்னு சொன்னதும் மாமா முகம் வாடிடுச்சு. புதுசுக்கு கொட்டேஷன் வாங்கினா அந்த பழைய விலை மாதிரி ரெண்டரை மடங்கு. இருந்தும், "சரி, புதுசே வாங்கறேன், ஷெட்ல நட்டுடலாமா"ன்னார். இங்கதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி 1,800 கிலோ, நம்ம ஷிஃப்ட் இன்னோவா மாதிரி ஒண்ணு. ரெண்டு தூண், ஆளுக்கு 900 கிலோ. ஆனா அந்த 900 தூணுக்கு நேர் கீழ இறங்கல. கை நீட்டி, உள்பக்கமா தூக்கிட்டு நிக்குது. தூணோட அடித்தட்டு உள்பக்க விளிம்புல இருந்து பாரம் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுப்போம். அந்த விளிம்பைச் சுத்தி தூண் உள்ளே சாயப் பாக்கும். சாயாம பிடிச்சு வைக்கறது வெளிப்பக்கத்துல இருக்கிற ஆங்கர் போல்ட், விளிம்புல இருந்து ஒரு 35 சென்டிமீட்டர்ல. 900ஐ 70ஆல பெருக்கி 35ஆல வகுத்தா 1,800 கிலோ. அதாவது ஒரு தூணோட வெளிப்பக்க போல்ட்டுகளை மட்டும் முழு காரோட எடை மேல் நோக்கிப் பிடுங்குது. ரெண்டு போல்ட்னா ஆளுக்கு 900. தூணோட சொந்த எடை கொஞ்சம் உதவும், ஆனா வண்டி ஆடினா, யாராவது இறுகின போல்ட்டை நீளமான பைப் போட்டு இழுத்தா, இன்னும் கூடும்.

அப்போ அந்த போல்ட்டை யார் பிடிச்சிருக்காங்க? கான்கிரீட். கேட்டலாக்ல போட்டிருக்கிற 4 டன் அந்த லிஃப்டோட இரும்புக்கு. நம்ம வீட்டுத் தரைக்கு அப்படி யாரும் சர்டிபிகேட் கொடுக்கல.

நம்ம ஊர் வீட்டு வாசல்ல போடற தளம் என்னன்னு சிவில் நண்பனைக் கேட்டேன். மண்ணைக் கொட்டி, தண்ணி ஊத்தி, மேல 4 இஞ்சுக்கு 1:4:8 பி.சி.சி., அதுக்கு மேல சிமெண்ட் பூச்சு. ஒரு பங்கு சிமெண்ட், நாலு மணல், எட்டு ஜல்லி. எம்7.5 ரகம், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன். நடக்க, வண்டி நிறுத்த இது போதும். லிஃப்ட் மேனுவல்கள் கேக்கறது குறைஞ்சது 20க்கு மேல, அதுவும் கெட்டிப்பட்ட பிறகு. கனமும் அது சொல்ற அளவுக்கு இருக்கணும்.

இதுல இன்னொரு சிக்கல் நம்ம ஊர் மண்ணு. சிங்கப்பெருமாள் கோவில் பாறையைக் குடைஞ்ச கோவில், பாடலாத்ரி நரசிம்மரை வலம் வரணும்னா அந்தக் குன்றையே சுத்தி வரணும். புது வண்டி வாங்கினவங்க அங்கேதான் எலுமிச்சம்பழத்து மேல டயர் ஏத்துவாங்க. அந்தப் பாறையில போல்ட் அடிச்சா யானையைக்கூடத் தூக்கலாம். ஆனா மாமா வீடு பாறையில இல்ல. இருபது வருஷத்துக்கு முன்னாடி வயலா இருந்தது, லாரி லாரியா செம்மண் கொட்டி பிளாட் போட்டது. கம்பெனிகள் வந்ததும் நம்ம பக்கம் பாதி நகர் இப்படித்தான் முளைச்சது. கொட்டின மண் வருஷா வருஷம் மழையில கொஞ்சம் கொஞ்சமா உக்காரும், தளத்துக்கு அடியில வெற்றிடம் விழும். மேல பாத்தா ரெட் ஆக்சைடு பளபளன்னு இருக்கும்.

ஒரு மூலையில ட்ரில் போட்டுப் பாத்தோம். 3 இஞ்சுலயே பிட் பொசுக்குன்னு உள்ளே போயிடுச்சு. வெளியே வந்தது சிமெண்ட் பவுடர் இல்ல, மணல். மாமா அந்த மணலை விரல்ல எடுத்து தேய்ச்சுப் பாத்துட்டு, "இதுல நட்டிருந்தா?"ன்னார். நான் பதில் சொல்லல.

தரைக்கு அடுத்தது கூரை. இன்னோவா மாதிரி வண்டி உயரமே கிட்டத்தட்ட 6 அடி. ஆள் நிமிந்து நிக்க 6 அடிக்குத் தூக்கினா மொத்தம் 12 அடி. மாமா ஷெட்ல ஷீட் ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 13. வீட்டுல லிஃப்ட் வைக்க ஆசைப்படறவங்க முதல்ல டேப்பை எடுத்து கூரையை அளங்க, அதுவும் ட்யூப்லைட், ஃபேன், பீம் இருக்கிற இடத்துல. அப்புறம் கரண்ட். 3 எச்.பி. மோட்டார், பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டு இணைப்புல தொழில் பண்ணினா ஈ.பி. காரங்க வேற கேள்வி கேப்பாங்க. வண்டி லாக் மேல உக்காந்திருக்கும்போது கரண்ட் போனா, வண்டி மேலதான் இருக்கும். லாக்கை எடுக்கணும்னா முதல்ல கொஞ்சம் தூக்கணுமே! கஸ்டமர் அவசரப்படுவார், படட்டும்.

"அப்ப பழைய மாதிரி குழியே வெட்டிடலாமா"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுல லாரி பட்டறையெல்லாம் குழியிலதான் ஓடுது. செலவு கம்மி, கரண்ட் வேணாம், வண்டி கீழ விழறதுக்கு இடமே இல்ல. ஆனா நம்ம பக்கம் ஏரிப்பாசனம் பாஞ்ச மண், கார்த்திகையில கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறும். அதை விட மோசம், பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி.யும் காத்தை விட கனம். கசிஞ்சா குழிக்குள்ளதான் போய் தேங்கும். அதுக்குள்ள ஒரு ஆள், கையில ஒயர் பிஞ்ச ஹேண்ட் லேம்ப். வீட்டுக்கு முன்னாடி, குழந்தைங்க ஓடற வாசல்ல குழிக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

சிசர் லிஃப்ட் இருக்கு, கத்திரி மாதிரி விரிஞ்சு இடுப்பளவு தூக்கறது. இதுல பாரம் நேரா கீழ இறங்கறதால போல்ட்டைப் பிடுங்காது, தரை மேல அவ்வளவு கோபம் இல்ல. டயர், பிரேக், சஸ்பென்ஷன் மட்டும் பாக்கறவங்களுக்கு, வீட்டுல சொந்தக் காரை நோண்டற ஆசை உள்ளவங்களுக்கு இது போதும்னு நினைக்கறேன். மாமாவுக்கு ஆகாது. அவருக்கு வர்ற வேலையில பாதி கிளட்ச். கியர்பாக்ஸ் இறக்கணும்னா நடுவுல இடம் வேணும், அந்த நடுவுலதான் கத்திரி நிக்கும். நாலு தூண் லிஃப்ட் ரெண்டாவது காரை மேல நிறுத்தற பணக்கார வீட்டுக்கு. நம்ம வகுப்புல ஒருத்தன் கூடுவாஞ்சேரியில அவங்க அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்ல டூ போஸ்ட் வைக்கலாமான்னு கேட்டான். டேய், வேணாம்டா.

அதனால என் தீர்ப்பு மாமாவுக்கு டூ போஸ்ட்தான். ஆனா முதல்ல தரை, அப்புறம் கூரை, கடைசியில லிஃப்ட். பணம் பத்தலைன்னா லிஃப்டைத் தள்ளிப் போடணும், தரையை இல்ல. அது வரைக்கும் நாலு நல்ல ஸ்டாண்ட், சில ஆயிரத்துல முடியற விஷயம். எங்களுக்குள்ள இதுல ஒரு சின்ன சண்டையும் வந்தது. "ஸ்டாண்டா? முப்பது வருஷமா கல்லு வச்சுதான் பாக்கறேன்"னார் மாமா. அத்தை உள்ளே இருந்து, "அந்த டாக்ஸி ஞாபகம் இருக்கா"ன்னு ஒரே வார்த்தை. ஸ்டாண்ட் அடுத்த நாளே வந்துடுச்சு.

எனக்கு ஒரு கோபம் இருக்கு, அதையும் எழுதிடறேன். மூணாவது வருஷம் நான் இன்-ப்ளாண்ட் ட்ரெய்னிங் போன கம்பெனியில ஒவ்வொரு ஹாய்ஸ்ட்லயும் ஒரு சீட்டு தொங்கும். எவ்வளவு தூக்கலாம், கடைசியா எப்போ சோதிச்சாங்க, அடுத்து எப்போ. நாம படிச்ச 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 29ஆவது பிரிவு, தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள ஆள் சோதிக்கணும்னு சொல்லிச்சு. ஆனா அந்தச் சட்டத்துல மின்சாரம் வச்சு வேலை நடக்கிற இடம்னா 10 ஆள் இருந்தாதான் அது தொழிற்சாலையா இருந்தது. 2020ல நிறைவேறின புதுத் தொகுப்பு அந்த 10ஐ 20 ஆக்கிடுச்சு. மாமா ஷெட்ல மொத்தம் மூணு பேர். அதே காரை ஒரகடத்துல தூக்கினா சட்டம் பாக்குது, பஸ்ல அரை மணி நேரம் தள்ளி தூக்கினா யாரும் பாக்கறது இல்ல. நாலு லிஃப்ட் வச்சு, மூணு பேர் வேலை பாக்கற ஷெட்டுக்கு சோதனை பண்ண ஆள் எங்கேன்னு தேடினேன், விக்கிறவர் அனுப்பற ஆளைத் தவிர கிடைக்கல.

ஆனா ஆள் நம்மகிட்டயே இருக்கு. நம்ம சிவில் லேப்ல ரீபவுண்ட் ஹேமர் இருக்கு, க்யூப் உடைக்கிற மிஷின் இருக்கு. மெக்கானிக்கல்ல டார்க் ரெஞ்ச் இருக்கு. நாம என்ன பண்றோம்? வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு "ரிமோட்ல இயங்கும் ஹைட்ராலிக் ஜாக்"கை காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் மாத்தி வைவாவில வைக்கறோம். போன பேட்ச்லயும் ரெண்டு, அதுக்கு முந்தின பேட்ச்லயும் ஒண்ணு. அதுல எதுவும் ஒரு கார் டயரைக் கூடத் தூக்கலைன்னு எல்லாருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும்.

அதுக்குப் பதிலா, ஒரு செமஸ்டர், ரெண்டு டிபார்ட்மெண்ட் சேர்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற சின்ன ஷெட்டுகளுக்குப் போகலாம். லாக் விழுதா, கேபிள்ல இழை பிஞ்சிருக்கா, ரெண்டு கையும் ஒரே உயரத்துல ஏறுதா, கையைப் பிடிக்கற பின் இருக்கா, போல்ட் இறுக்கம் இருக்கா, தரை என்ன ரகம். ஒரு பக்க ரிப்போர்ட் தமிழ்ல. நாம சர்டிபிகேட் கொடுக்க முடியாது, அதுக்கு நமக்குத் தகுதி இல்ல. ஆனா கட்டுக்கம்பியால கட்டின லாக்கைக் கண்டுபிடிக்க டிகிரி கூட வேணாம், பின்னாடி போய் பாக்கணும், அவ்வளவுதான். எச்.ஓ.டி.கிட்ட கேட்டேன். "எழுதிக் கொடு, பாக்கலாம்"னார். எழுதிக் கொடுத்துட்டேன். சேர விருப்பம் உள்ளவங்க, குறிப்பா சிவில்காரங்க, என்னைப் பிடிங்க.

மாமா ஷெட்டுல இப்போ வேலை நடக்குது. ஷீட் 13 அடி இருக்கிற பக்கத்துல, ரெண்டு தூண் வரப்போற இடத்துலயும் நாலடிக்கு நாலடி தோண்டி, கொட்டின மண்ணு முடிஞ்சு பழைய வயல் மண்ணு தெரியற வரைக்கும் போய், அதை இடிச்சுக் கெட்டிப்படுத்தி, கம்பி கட்டி, ஒரு அடி கனத்துக்கு எம்25 போட்டாச்சு. மேனுவல் கேட்டதை விட இது கூடத்தான். மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பாத்தார், "கார் நிறுத்தவா, ரயில் நிறுத்தவா?"

அன்னிக்கு அதே கலவையில ஆறு க்யூப் பிடிச்சோம், சிவில் நண்பன் மோல்டை பைக்ல தூக்கிட்டு வந்தான். மூணு க்யூபை 7ஆவது நாள் உடைச்சதுல சராசரி 17 வந்தது, மூணுல ரெண்டு பங்கு, வரவேண்டியதுதான். மீதி மூணு லேப் தண்ணித் தொட்டியில கிடக்கு. 28ஆவது நாள் வர்ற வியாழக்கிழமை. மாமா தினமும் காலையில சாக்கு மேல தண்ணி ஊத்திட்டு போன் பண்றார், "மாப்ள, இன்னிக்கு எத்தனாவது நாள்?"